முதுகு ஊசியும் என் மூன்று தையலும்

தைரியசாலி என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவன் பிரசவ விடுதிப் பக்கமே போகக்கூடாது. நான் போனேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. காஜா பெராங்கில் குடியிருந்தோம். எனக்குக் காகிதம் பார்த்துக் கணக்கெழுதும் கிராணி வேலை. தலைப்பிரசவத்துக்கு என் மனைவி கமலத்தை மிதித்து ஓட்டும் பேச்சா வண்டியில் ஏற்றி, தெங்கேராவில் ஒரு சிறிய விடுதியில் சேர்த்தேன். இரண்டு நாளாகியும் குழந்தை வரவில்லை. அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

சீமையில் படித்து வந்திருந்த டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"முதுகுல ஒரு ஊசி போட்டா வலி தெரியாது. அழுத்தமும் இறங்கும், அவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நீங்க கையெழுத்து போடணும்."

(கிராணி சும்மா போட்டுவிடுவானா?) "கெடுதல் என்னென்ன? ஒன்னு விடாம சொல்லுங்க," என்றேன், கால்மேல் கால் போட்டபடி.

"அழுத்தம் ரொம்ப இறங்கிடலாம். கால் மரத்துப் போகும். பின்னால கடுமையா தலை வலிக்கலாம். சில சமயம் ஆயுதம் வச்சுத்தான் பிள்ளைய எடுக்கணும்."

பக்கத்து அறையிலிருந்து கமலம் முனகினாள்: "ஊசி உங்களுக்கா, எனக்கா? போடுங்களேன் கையெழுத்த!"

போட்டேன். அதோடு விட்டேனா? ஊசியைப் பார்த்தே தீருவேன் என்றேன். டாக்டர் தட்டின் மேலிருந்த துணியை விலக்கினார். (கோணி ஊசிகூட அத்தனை நீளமில்லை என்று இன்றும் சாதிப்பேன்.) என் அழுத்தம் இறங்கியது. கால் மரத்தது. மேசை விளிம்பு நெற்றியை நோக்கி வந்தது.

"ஆயோ! லாக்கி டியா சுடா ஜாத்தோ!" அவள் புருஷன் விழுந்துவிட்டான் என்று நர்ஸ் மலாயில் அலறியது மட்டும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தேன். நெற்றியில் மூன்று தையல், மண்டை பிளக்கும் வலி. டாக்டர் சொன்ன கெடுதல் அத்தனையும் எனக்கே வந்திருந்தன. ஆயுதத்தைக்கூட என் நெற்றியில்தான் வைத்திருந்தார்கள். கமலமோ வலி தெரியாமல், நர்சோடு பேசிக்கொண்டே பெண் பிள்ளையைப் பெற்றிருந்தாள்.

செமாபோக்கிலிருந்து மிளகு ரசத்தோடு வந்த மாமியார் என் நெற்றிக் கட்டைப் பார்த்தார். சிரித்த முகமாய்ப் படுத்திருந்த மகளையும் பார்த்தார்.

"ரசத்த யாருக்குடி கொடுக்கிறது?"

வருடங்கள் கழித்து அந்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தி என் தழும்பைப் பார்த்து, "ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல பட்டதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் மெல்லத் தலையசைக்கத் தொடங்கினேன். உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்:

"இல்லீங்க, நான் பொறந்தப்ப பட்டது! அம்மாவுக்கு ஒரு தையலும் இல்ல, அப்பாவுக்குத்தான் மூணு!"

சம்பந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, அன்றே தட்டு மாற்றிவிட்டுப் போனார். அந்த வீட்டில் இன்றுவரை யாரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'பிள்ளை பெத்த மாமா' என்றால்தான் தெரியும்.