முப்பத்தொரு பொய் அலாரம்

"இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டார் மேலாளர்.

"முப்பத்தொண்ணு சார். மன்னிச்சுக்கோங்க."

"எல்லாமே பொய் அலாரமா?"

"எல்லாமே பொய்தான் சார். மன்னிச்சுக்கோங்க."

அலுவலகத்தில் அவளுக்கு 'மன்னிப்பு மேடம்' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. லிஃப்ட் கதவு தன்மேல் இடித்தால்கூட லிஃப்டிடம் மன்னிப்புக் கேட்கிற ஜென்மம். அப்படிப்பட்டவள் நாலு வருஷம் உட்கார்ந்து உருவாக்கியது என்ன தெரியுமா? மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டுகிற ஒரு கருவி. கூத்தைப் பாருங்கள்.

கருவியின் வேலை ஒன்றுதான். கணினியின் அடிமனசு மாதிரி இருக்கும் கெர்னல், நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதுமாகவே பிழைப்பு நடத்துகிறது. யாரும் எதுவும் எழுதாத இடத்தை எவனாவது படித்துவிட்டால் கருவி அலாரம் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுவாத டப்பாவில் பழையது என்ன கிடந்ததோ அதையே எடுத்துச் சமைத்த கதையாகிவிடும்.

முப்பத்தொரு அலாரமும் ஒரே ஆளின் நிரலிலிருந்து, அலுவலக பாஷையில் கோடிலிருந்து, வந்தவை. நெட்வொர்க் கார்டை இயக்குகிற 'டிரைவர்' என்னும் நிரலை எழுதுகிறவர். அவர் இல்லாத இடத்தில் எல்லாரும் அவரை முசுடு என்பார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முசுடு அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "பதினெட்டு வருஷமா ஓடுற கோடும்மா இது. கார்டு தானே நேரா வந்து நினைவகத்துல எழுதிட்டுப் போவுது. உன் கருவிக்கு அது தெரியலை. கண்ணு இல்லாததையெல்லாம் காவலுக்கு வச்சா இப்படித்தான்!"

அப்படி ஒரு குறை கருவிக்கு உண்டு என்பது அவளுக்கும் தெரியும். உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம்" என்றார் மேலாளர். "பொய் அலாரம் அஞ்சுக்குக் கீழ வரலைன்னா கருவியை நிறுத்திடறேன். எனக்கும் வேற வழியில்லம்மா."

செவ்வாய்க்கிழமை அவள் கருவிக்கு ஒரு புத்தி சொன்னாள். எழுதாத இடத்தைப் படித்தவுடனே கத்தாதே, படித்ததை வைத்து ஏதாவது செய்யப்போகும்போது மட்டும் கத்து. கருவியும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது. ஆனால் ஓரிடத்தில் படித்தது நாலு கைமாறிப் போயிருந்தது. அந்த நாலு இடத்திலும் தனித்தனியாகக் கத்தித் தீர்த்தது.

சோதனை அறையில் கருவியை ஓட்டுகிற பெண் வந்து நின்றாள். "மேடம், நூத்திப் பன்னெண்டு."

"ஐயையோ, மன்னிச்சுக்கோம்மா."

"என்கிட்ட எதுக்கு மேடம்?"

புதன்கிழமை அந்தப் புத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறொன்று சொன்னாள். முசுடு எழுதிய பக்கமே திரும்பாதே. அதுவும் திரும்பவில்லை. திரும்பாததால் முசுட்டின் கோடு எழுதிய எதையும் அது பார்க்கவில்லை. அவர் எழுதியதெல்லாம் யாருமே எழுதாததாக அதன் கணக்கில் விழுந்தது. அதைப் படித்த அத்தனை பேர்மேலும் அலாரம்.

"தொள்ளாயிரத்து நாலு மேடம்" என்றாள் சோதனைப் பெண், மெதுவாக.

வியாழக்கிழமை நேரில் போய் முசுட்டின் காலில் விழுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

"அப்புறம் வா!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கண் சிவந்து கிடந்தது. இவ்வளவு கோபமா என்று அவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்த புருஷன், "பேசாம நிறுத்தச் சொல்லிடேன். நிம்மதியாவாவது இருக்கலாம்ல?" என்றான்.

அவள் அழுதுவிட்டாள். "நாலு வருஷம்ங்க. நம்ம பாப்பா தவழ்ந்தப்போ ஆரம்பிச்சது. அவ இப்ப ஸ்கூலுக்கே போறா. அதை எப்படிங்க என் கையால நிறுத்துவேன்? சாரி, உங்களையும் கஷ்டப்படுத்தறேன்."

"அடி லூசு, எனக்கென்ன கஷ்டம்?" என்று அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். அன்றைக்குப் பாத்திரமெல்லாம் அவனே தேய்த்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், தான் சொன்ன புத்தியையெல்லாம் அவள் கருவியிலிருந்து எடுத்துவிட்டாள். போவதுதான் போகிறது, தன் சொந்த முகத்தோடு போகட்டும்.

நாலு மணிக்குச் சோதனை அறையில் எல்லாரும் கூடினார்கள். முசுடும் வந்து, வாசலருகே தன் செருப்பையே பார்த்தபடி நின்றார். சோதனைப் பெண் கருவியை ஓட்டினாள். திரையில் ஓர் எண் வந்தது.

பூஜ்யம்.

"அடடா! சாதிச்சுட்டியேம்மா!" மேலாளர் கைதட்டியே விட்டார்.

அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "இல்ல சார். நான் ஒண்ணுமே செய்யலை. பழையபடிதான் வச்சிருக்கேன். முப்பத்தொண்ணு வரணும், ஒண்ணுகூட வரலைன்னா..." திரையைக் காட்டினாள். "இதுக்கு இப்ப எதுவுமே தெரியலை சார். செத்துப்போச்சு. கண்ணு இல்லைன்னு டிரைவர் எழுதுற சார் அன்னிக்குச் சொன்னது சரிதான். எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. நானே நிறுத்திடறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கருவியை நிறுத்துகிற கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். கடைசி விசையை அழுத்தப்போன அவள் கையைச் சோதனைப் பெண் பாய்ந்து பிடித்தாள்.

"ஐயோ, நிறுத்திடாதீங்க மேடம்! சார்தான் மூணு நாளா கதவைச் சாத்திக்கிட்டு, அது காட்டிக்கொடுத்த முப்பத்தொரு தப்பையும் தன் கோடுல ஒவ்வொண்ணா திருத்தி, இன்னிக்குக் காலையில கொண்டுவந்து குடுத்தாரு!"