விசில்காரர் போட்ட வழக்கு

ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டு அடுக்களையில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பது, பெருமாளுக்கு அடுத்தபடியாக விசில்காரருக்குத்தான் தெரியும். குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் அவர் தொழில். சரிசெய்த குக்கரில் தண்ணீர் ஊற்றி ஏற்றி, மூன்றாவது விசில் கேட்காமல் படியிறங்க மாட்டார்.

அவரைக் கைது செய்யப் போலீஸ் வந்தபோது இரண்டு விசில்தான் ஆகியிருந்தது. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க சார்" என்றாராம். ஏட்டும் வாசலில் காத்திருந்து, அது வந்த பிறகுதான் ஜீப்பில் ஏற்றினார்.

புகார் கொடுத்தவர் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. விசில்காரர் அடுப்பு பார்த்துவிட்டுப் போன மறுநாள் அவர் வீட்டில் பூஜைக்கு வைத்திருந்த வெள்ளி வட்டிலைக் காணோம். விசில்காரருக்கு ஒரு மாதம் ஜெயில். அப்புறம் இரண்டு வருஷம் கோர்ட். கடைசியில், போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை.

பொய்ப் புகாரில் உள்ளே தள்ளியதற்கு நஷ்டஈடு கேட்க வேண்டும் என்று, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு வந்தார். நான் புது ஜூனியர். லால்குடிப் பக்கம் கைநாட்டு வைத்தே பழகிய குடும்பத்திலிருந்து வந்த என்னை, முதன்முதலில் 'வக்கீலம்மா' என்று கூப்பிட்டவர் அவர்தான்.

"அதான் விட்டுட்டாங்களேண்ணே, இன்னும் எதுக்கு?"

"விட்டுட்டாங்க வக்கீலம்மா. நான் எடுக்கலைன்னு யாரும் சொல்லலையே. முன்னெல்லாம் அடுக்களைக்குள்ள கூப்பிடுவாங்க. இப்ப குக்கரை கேட்டுக்கு வெளிய கொண்டாந்து குடுக்குறாங்க."

வழக்கு நடந்த காலத்தில் கோர்ட் கேன்டீனின் நான்கு அடுப்பும் புதுசு போல எரிந்தன. ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார். சீனியர் ஆட்சேபிக்க எழுந்தார். பின்னாலிருந்து விசில்காரர் அவர் கவுனைப் பிடித்து இழுத்தார். "குடுத்துடுங்க சார். அவர் வீட்டுக் குக்கருக்கு வால்வு வியாழக்கிழமைதான் வருது." சீனியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி கூண்டேறிய அன்று சீனியருக்குக் காய்ச்சல். குறுக்கு விசாரணை என் தலையில் விழுந்தது. விசில்காரர் என் காதோரம் சொன்னார்: "அந்த வீட்டுல மடி அலமாரி ஒண்ணு இருக்கு. குளிக்காம யாரும் தொடக்கூடாது. போலீஸ் அதைத் தொறந்தாங்களான்னு கேளுங்க."

கேட்டேன்.

"நான்தான் திறக்கவிடலை. தீர்த்தமாடாம அதைத் தொடப்படாது" என்றார் அதிகாரி.

"வட்டில் அப்புறம் கிடைச்சுதா?"

"அடுத்த ஏகாதசிக்குத் திறக்கறச்சே உள்ளேயேதான் இருந்தது."

"அப்ப இவர் ஜெயில்ல இருந்தாரா?"

"இருந்தார்."

"ஏன் ஸ்டேஷன்ல சொல்லலை?"

"வெட்கமா இருந்தது."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நஷ்டஈட்டுப் பக்கத்தை விசில்காரர் புரட்டக்கூட இல்லை. அவர் திருடவில்லை என்று எழுதியிருந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

கோர்ட் வாசலில், கே.கே. நகரில் நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டின் சாவியை நீட்டினேன். "அடுப்பு ஒரு பக்கம் எரியலைண்ணே. நான் வர சாயங்காலம் ஆயிடும். நீங்களே தொறந்து பாத்துடுங்க."

"யாராச்சும் கூட இருக்கட்டும் வக்கீலம்மா."

"எதுக்கு?"

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். பஸ் ஏறும்வரை அந்தச் சாவியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.