உறிஞ்சி ஐயாவும் ஒரு சொட்டு அயோடினும்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த டயர் கடைக்கு இந்தக் குளிர்காலத்தில் திடீரென்று மவுசு வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கே வரிசை. கம்பளித் தொப்பி போட்ட குழந்தைகள், தூக்கம் கெட்ட அம்மாக்கள், வேலைக்கு மட்டம் போட்ட அப்பாக்கள். வரிசை முழுக்க இருமல். சளி இல்லாமல் வந்த குழந்தைகூட வெறுங்கையோடு திரும்பாது.

உள்ளே இருப்பவர் உறிஞ்சி ஐயா. பெற்ற தாய் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் அதுதான். கையில் ஒரு ரப்பர் குழாய். ஒரு முனையில் பித்தளைப் புனல், மறுமுனையில் தடித்த மரப்பிடி. புனலைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து, பிடியை வாயில் கவ்விக் கண்ணை மூடி உறிஞ்சுவார். கன்னம் குழியும், கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு எவர்சில்வர் தட்டில் துப்புவார். கெட்டியாக, வெள்ளையாக ஒரு கரண்டி சளி! தோலைக் கிழிக்கவில்லை, எலும்பைத் தொடவில்லை, சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. சளி மட்டும் வந்துவிட்டது. கூட்டம் வாய் பிளக்கும்.

காரணமும் ஐயாவே சொல்லிவிடுவார். "தாய் ஐஸ் தண்ணி குடிச்சிருக்கா." எல்லாக் குழந்தைக்கும் இதே காரணம்தான். அப்பா என்ன குடித்தார் என்று ஐயா ஒருநாளும் கேட்டதில்லை. அதனாலேயே அப்பாக்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எனக்கும் பிடித்தது. அந்த வரிசையில் நாற்பத்திரண்டாவது ஆளாக நின்றவன் நான்தான்.

என் மகளுக்கு ஏழு மாதம். இரண்டு நாளாக இருமல், நெஞ்சில் கொரகொரவென்று சத்தம், பாலை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவி சலவை நிலையத்தில் காலை ஷிப்ட். "மத்தியானம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், மூச்சை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் தலை மறைந்ததும் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்துவிட்டார்.

"தம்பி, ஆஸ்பத்திரின்னா ஊசி, மாத்திரை, ஆயிரம் டெஸ்ட்டு. ஐயாகிட்ட ஒரே உறிஞ்சு. என் மச்சினன் புள்ளைக்கு அப்படியே கட்டியா வந்துச்சு, நானே கண்ணால பாத்தேன்."

"பையனுக்கு இப்ப சரியாயிடுச்சா அண்ணே?"

"அதெல்லாம் பத்து நாள்ல ஆயிடுச்சு."

சாதாரணச் சளியே பத்து நாளில் போய்விடுமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குழந்தையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்று மணி நேரம் நின்றேன். ஐயா உறிஞ்சினார், துப்பினார், என் மனைவி குடிக்காத ஐஸ் தண்ணீருக்காக அவளைத் திட்டினார். சளியை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து மடித்துக் கொடுத்தார். "மூணு நாள் தலைமாட்டுல வைங்க. அதுவரைக்கும் மருந்து, மாத்திரை, ஆஸ்பத்திரி எதுவும் கூடாது. மருந்து பட்டா மிச்சச் சளி எலும்புல ஒட்டிக்கும்." கை நீட்டிக் காசு வாங்கமாட்டார். அதற்குப் பக்கத்திலேயே ஒரு காசுப் பெட்டி இருந்தது.

மத்தியானம் மனைவி வந்தாள். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினாள்.

"எழுபத்திரெண்டு. அம்பதைத் தாண்டினாலே ஆபத்து. எந்திரிங்க."

"மூணு நாளைக்கு ஆஸ்பத்திரி..."

"எந்திரிங்கன்னேன்!"

ஆட்டோவில் போகும்போது குழந்தை அழக்கூட இல்லை. அழுவதற்கு மூச்சு மிச்சமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கக் கால் விரலில் சிவப்பு விளக்கு மாட்டினார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், பாலைக் குழாய் வழியாக இறக்கினார்கள். "இதுக்கு முன்னாடி வேற எங்கயாச்சும் காட்டினீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"காட்டினாரு டாக்டர்" என்றாள் மனைவி. "ஒரு ரப்பர் குழாய்கிட்ட."

டாக்டர் சிரிக்கவில்லை. "குளிர்காலத்துல வர்ற வைரஸ் இது. உள்ள இருக்கிற சின்னச் சின்ன மூச்சுக்குழாய் வீங்கிடும். வெளியில இருந்து உறிஞ்சினா சட்டைதான் ஈரமாகும். இன்னும் மூணு நாள் வச்சிருந்தீங்கன்னா, நான் உங்களோட வேற மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்."

நான்காம் நாள் குழந்தை பால் குடித்தாள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தலைமாட்டில் ஐயாவின் துணி அப்படியே இருந்தது. மனைவி எடுத்தாள். துணி தொங்கவில்லை, அட்டை போல விறைத்து நின்றது. பன்னிரண்டு வருடமாகத் துணி துவைக்கிறவள். விரலால் சுரண்டினாள், முகர்ந்து பார்த்தாள்.

"இது சளி இல்லைங்க. நாங்க காலருக்குப் போடுற கஞ்சி."

சலவை நிலையத்தில் நர்ஸ்களின் கஞ்சி போட்ட உடுப்புகள் வரும். காயத்துக்குப் போடும் பழுப்பு அயோடின் அவற்றில் பட்டால் கறுத்த நீலமாகிவிடும். அந்தக் கறையோடு மல்லுக்கட்டியே அவள் கை தேய்ந்திருக்கிறது.

மறுநாள் காலை அயோடின் பாட்டிலோடு டயர் கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஐயா அப்போதுதான் ஒரு குழந்தையை உறிஞ்சி முடித்திருந்தார்.

"ஐயா, அந்தத் தட்டுல ஒரு சொட்டு விட்டுக்கறேன்."

"மருந்தா? பட்டா சக்தி போயிடும்மா!"

"போகட்டுமே. துப்பின சளிக்கு எதுக்கு சக்தி?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் தட்டை இழுப்பதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. வெள்ளைச் சளி கறுத்த நீலமானது.

"பாத்தீங்களா!" என்று கத்தினார் தையல்காரர். அன்றைக்கு வரிசை ஒழுங்கு பண்ணுகிற தொண்டு அவருடையது. "உள்ள இருந்த விஷம் எப்படிக் கறுத்து வருது பாருங்க!"

இதற்கும் கை தட்ட நாலு பேர் இருந்தார்கள்.

என் மனைவி கோபப்படவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைத்த கைக்குட்டையை அதன் அம்மாவிடம் கேட்டு வாங்கினாள். "இது உங்க கண்ணு முன்னாடி வந்த சளி." ஒரு சொட்டு விட்டாள். பழுப்பு பழுப்பாகவே இருந்தது. பிறகு தையல்காரரின் மொடமொடப்பான சட்டைக் காலரைப் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். கறுத்த நீலம்.

"அண்ணே, உங்க காலருக்கும் நெஞ்சுச் சளியா?"

கைக்குட்டைக்காரியின் புருஷன் பாய்ந்து குழாயைப் பிடுங்கினான். மரப்பிடியைத் திருகியதும் கழன்று வந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சு நிறையக் கஞ்சி. எத்தனை குழந்தைகளின் நெஞ்சுச் சளியோ, காலையில் ஒரே சட்டியில் காய்ச்சியது.

ஐயா பின்வாசல் வழியாக ஓடிய வேகத்தில், அவருடைய நெஞ்சில் மட்டும் சளியே இல்லை என்பது நிரூபணமாயிற்று. காசுப் பெட்டியை மட்டும் மறக்கவில்லை.

திரும்பி வரும்போது தையல்காரர் நீலக் காலரைத் தேய்த்தபடியே கேட்டார். "இவன் ஃபிராடுதான் தம்பி, ஒத்துக்கறேன். ஆனா மார்க்கெட் பக்கம் ஒரு அம்மா இருக்காங்களாம். போட்டோவைப் பாத்தே சளி எடுப்பாங்களாம். அது நெசமா இருக்குமோ?"

 அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை ஏது? குழந்தையின் மூச்சை எண்ண ஒரு நிமிடம் போதும். நான் மூன்று மணி நேரம் நின்று எண்ணியது எனக்கு முன்னால் எத்தனை தலை என்பதைத்தான். நாற்பத்தொன்று. என்னுடையதையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. உபயோகத்தில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் தலையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால் பதில் வரும்.