சப்பரம் தூக்க ஆள் தேவை

"எனக்கு முட்டிதான் போச்சு. தோளு இன்னும் கல்லு மாதிரி இருக்கு" என்றார் மாரிச்சாமி.

"தோளு மட்டும் சப்பரத்துக்குக் கீழ நடந்து போகுமா?" என்று கேட்டார் சண்முகவேல்.

வேப்பங்குண்டு காளியம்மன் கோயில் வாசலில் பங்குனிப் பொங்கலைப் பற்றிப் பேசக் கூடிய ஊர்க்கூட்டம் அதோடு முட்டிக்கொண்டு நின்றது. தோள் இருந்தவருக்கு முட்டி இல்லை. முட்டி இருந்தவருக்கு மூச்சு இல்லை. இரண்டும் இருந்தவர் ஒருவர் உண்டு. அவருக்குக் கண் தெரியாது.

எல்லோரும் சண்முகவேலைத்தான் பார்த்தார்கள். அவருக்கு அறுபத்தொரு வயது. ஊரில் அவர் பெயர் 'இளவட்டம்'. அவரைவிடச் சின்ன ஆம்பளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று பிரிந்து போய்விட்டதால் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஏற வேண்டுமா, பாடை தூக்க வேண்டுமா, வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டதா, "ஏலே, இளவட்டத்தைக் கூப்பிடு" என்பார்கள். இளவட்டம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்.

"போன வருசம் மாதிரி மினி லாரியில ஏத்திருவமா?" என்றார் ஒருவர்.

அதைக் கேட்டதும் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. போன வருஷம் லாரிக்காரன் சந்தில் திரும்ப முடியாமல் தெரு முழுக்கப் பின்னாடியே ஓட்டினான். நாதஸ்வரத்துக்குப் பதில் லாரியின் ரிவர்ஸ் பாட்டு ஒலிக்க, அம்மன் ஊருக்கு முதுகைக் காட்டியபடி நகர்வலம் போனாள். அந்த வருஷம் மழையும் அப்படியே பின்னாடி போய்விட்டது.

"வெளியூர்லருந்து ஆள் கொண்டாந்து குடி வைக்கணும். அதுதான் வழி" என்றார் சண்முகவேல். "பூட்டிக் கிடக்கிற வீட்டுல பாதியைத் தொறந்தா ஒரு பட்டாளமே இருக்கலாம்."

மறுநாளே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார். நூல் மில்களுக்கு வெளி மாநிலத்திலிருந்து ஆள் அழைத்து வரும் பாண்டிராஜைப் பிடித்தார்.

"புதுசா கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்திருக்குண்ணே. லக்கன், சுகுமணின்னு பேரு. மில் குடியிருப்புல இடமில்ல. ஒங்க ஊர் வழியாத்தான் மில் வேன் போகுது, அங்க வீடு குடுத்தா வசதியா இருக்கும்" என்றான் பாண்டிராஜ்.

"வடக்கத்திக்காரங்களா?"

"ஆமாண்ணே."

"நல்ல புள்ளைகளா?"

"தங்கம்ணே."

சண்முகவேல் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தங்கத்திடம் வேறென்ன கேட்பது?

ஊருக்குத் திரும்பி, துபாயில் இருக்கும் தம்பியின் வீட்டைத் திறந்து அவரே வெள்ளையடித்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்தைத் திருப்பாமலே அடுத்த கூட்டத்தைக் கூட்டினார்.

"வாரவுக மனசு கோணாம இருக்கணும். நம்ம பாட்டுக்குத் தமிழ்ல பேசிக்கிட்டிருந்தா, நம்மளப் பத்தித்தான் பேசுறாகன்னு நெனச்சு ஓடிருவாக. அதனால ஊரே இந்தி படிக்கணும்."

"வாத்தியாருக்கு எங்க போறது?"

"நம்ம நாகராசு இருக்கான்ல. பம்பாய்ல இருந்தவன்."

நாகராஜ் பம்பாயில் இருந்தது உண்மைதான். அங்கே ஒரு திருச்சுழிக்காரரின் மெஸ்ஸில் அடுப்படிக்குள் நின்று தோசை ஊற்றினார். தோசை கேட்டவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆனால் பம்பாயிலிருந்து திரும்பிய ஒருவர் தனக்கு இந்தி தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பஸ் நிழற்குடையில் வகுப்பு தொடங்கியது. நாகராஜ் தெரிந்த சொற்களைச் சொன்னார். தெரியாத சொல்லைக் கேட்டால் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வாங்கன்னா 'ஜாவ்'. உக்காருன்னா 'பைட்டோ'. நல்லாயிருக்கியான்னா…" வானம். "குப்புச்சா."

"தூக்குன்னா?"

நீண்ட வானம். "லட்டாக்."

"மோருக்கு?"

"மோராஹை."

"எம்புட்டு லேசா இருக்கு!" என்று வியந்தார் மாரிச்சாமி.

அந்த ஜோடியின் முன்னால் தமிழ் பேசுகிறவர் தனியாளாகச் சப்பரம் தூக்க வேண்டும் என்று சண்முகவேல் சட்டம் போட்டார். ஊர் நடுங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் வேன் வந்து அவர்களை இறக்கிவிட்டுப் போனது. ஒல்லியாக, சிரித்த முகமாக லக்கன். அவன் பின்னால் ஒரு தகரப் பெட்டியோடு சுகுமணி.

சண்முகவேலின் மனைவி கனகலட்சுமி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். "ஜாவ்! ஜாவ்! பைட்டோ!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு லக்கன் கை கூப்பி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்: "ஜாவ். பைட்டோ."

"பாத்தீங்களா! பொசுக்குன்னு வருது பாருங்க. என்ன இருந்தாலும் அதுகளோட தாய்மொழியில்ல!" என்று கனகலட்சுமி கணவரின் காதைக் கடித்தார்.

அன்றிலிருந்து ஊர் அவர்களை நிழலாகத் தொடர்ந்தது. லக்கன் வேலைக்குக் கிளம்பினால் வாசலுக்கு வாசல் "குப்புச்சா?" என்று கேட்டார்கள். அவனும் நின்று "குப்புச்சா!" என்று சொல்லிவிட்டுப் போனான். அதில் அவன் இரண்டு நாள் வேனைத் தவறவிட்டான்.

அடுத்தது சாப்பாட்டுப் பிரச்சினை. வடக்கே எல்லோரும் சப்பாத்திதான் தின்பார்கள் என்று நாகராஜ் சொல்லிவிட்டார்.

"வட்டமா வரமாட்டேங்குதுங்க" என்றார் கனகலட்சுமி.

"எந்த வடிவமா இருந்தா என்ன, சுடு. தட்டுல போட்டா சத்தம் மட்டும் கேக்காமப் பாத்துக்க."

சத்தம் கேட்டது. அதையும் அந்தப் பிள்ளைகள் மரியாதைக்காக மென்றார்கள். மெல்ல மெல்ல இளைத்தார்கள். அதைப் பார்த்துப் பதறிப்போய், மற்ற வீடுகளிலும் சப்பாத்தி சுட்டு அனுப்பினார்கள். சுகுமணி தாடையைப் பிடித்துக்கொண்டே நடமாடினாள்.

"ஏங்க, அந்தப் புள்ள நம்ம அடுப்படிப் பக்கம் வந்தா சோத்துப் பானையையே பாக்குதுங்க."

"அதுகளுக்குச் சோறு ஒத்துக்காது. பயந்து பாக்குது."

கனகலட்சுமிக்கு அது பயமாகத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் தட்டு நிறையச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி சுகுமணி முன்னால் வைத்தார். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு நாகராஜ் சொல் எதுவும் சொல்லித் தரவில்லை. தேவையும் படவில்லை. அன்றிலிருந்து சப்பாத்திகள் ஆட்டுக்குப் போயின. ஆடும் மரியாதைக்குத்தான் மென்றது.

பங்குனிப் பொங்கல் வந்தது. லக்கன் தன் மில் கூட்டாளிகளையும் அழைத்து வந்திருந்தான். எல்லோரும் அவன் ஊர்ப்பக்கத்துப் பையன்கள். கோயில் முன்னால் வரிசையாக நின்ற அத்தனை தோள்களைப் பார்த்து மாரிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

நாகராஜ் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். "லட்டாக்!"

லக்கன் குனிந்து கைகாட்ட, சப்பரம் பூப்போல எழும்பியது. குலவைச் சத்தம் கிளம்பியது. அம்மன் முன்னோக்கி நடந்தாள். சண்முகவேல் வெறுங்கையை வீசிக்கொண்டு, எத்தனையோ வருஷம் கழித்து, வேடிக்கை பார்க்கிறவராக நடந்தார்.

பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைப்பது வழக்கம். பிள்ளையார் கோயில் வந்தது. பிள்ளையார் கோயில் போனது.

"ஏலே நாகராசு, நிக்கச் சொல்லு!" என்று அவர் காதுக்குள் கிசுகிசுத்தார் சண்முகவேல்.

நாகராஜ் வானத்தைப் பார்த்தார். வேகமாக நடந்துகொண்டே பார்த்ததால் வானம் கைகொடுக்கவில்லை. "பைட்டோ!" என்று கத்தினார்.

நன்றாகப் படித்த மாணவர்களான ஊர்ப் பெரியவர்கள் பாதிப்பேர் சட்டென்று தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்ப ஆள் இல்லை. சப்பரம் போய்க்கொண்டே இருந்தது.

"திரும்பி வாங்கன்னு சொல்லு!" என்று மறுபடியும் காதோரம் சொன்னார் சண்முகவேல்.

"ஜாவ்! ஜாவ்!" என்று மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். பையன்கள் உற்சாகமாகி ஓட்டமாகவே போனார்கள்.

ஊர் எல்லை தாண்டி, கருவேலங்காடு தாண்டி, காளியம்மன் பக்கத்து ஊரான கூவலப்பட்டிக்குள் நுழைந்தாள். தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் தனியாளாகச் சப்பரம் தூக்க வேண்டுமே என்ற பயத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் போட்ட சண்முகவேலுக்கே திறக்கவில்லை. கடைசியில் கனகலட்சுமி குறுக்குச் சந்தில் ஓடி, சப்பரத்துக்கு முன்னால் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சப்பரம் நின்றது.

அதற்குள் கூவலப்பட்டியே திரண்டு நின்றது. தானாக வீடு தேடி வந்த அம்மனுக்குச் சூடம் கொளுத்தி விழுந்து கும்பிட்டார்கள்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த சண்முகவேல், பையன்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தப்பா நெனைக்காதீக. அம்மன் வழி மாறி வந்துட்டா. நாங்க கூட்டிட்டுப் போயிருறோம்."

கூவலப்பட்டிப் பெரியவர் பொன்னுச்சாமி சப்பரத்துக்குக் கீழே இருந்த தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலும் இளவட்டத்துக்கு வயது அறுபதுக்கு மேல்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆத்தாள நாங்களா வச்சுக்கிறப் போறோம்? இந்தப் புள்ளைகளை மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போங்க."

"அதெப்படி?"

"எங்க ஊர்ல டைல்ஸ் போட்ட வீடே சும்மா கெடக்கு. தம்பி, இங்கிட்டு வாங்க, கலர் சோடா குடிங்க!" என்று லக்கனின் தோளில் கை போட்டார் பொன்னுச்சாமி.

லக்கன் கலரைக் குடித்துவிட்டு, அவரைப் பார்த்து மனம் நிறைந்து "குப்புச்சா!" என்றான்.

சண்முகவேல் லக்கனின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'டைல்ஸ் வீடுன்னு ஆசை காட்டிட்டாக. இனி நம்ம ஊர்ல எங்க இருப்பான்?' அன்று அம்மன் ஊர் திரும்பியும் அவருக்குப் பொங்கல் இறங்கவில்லை.

காலையில் கனகலட்சுமி ஓடிவந்தார். "ஏங்க! ரெண்டும் பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்குதுக!"

ஊர் அலறியடித்துக்கொண்டு நிழற்குடைக்குப் போனது. அங்கே லக்கனும் சுகுமணியும் புதுத்துணி உடுத்தி நின்றார்கள். காலடியில் தகரப் பெட்டி.

சண்முகவேல் படித்த அத்தனையையும் கொட்டினார். "லக்கன்! ஜாவ்! பைட்டோ! மோராஹை! குப்புச்சா லட்டாக்!" கனகலட்சுமி சுகுமணியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

லக்கன் நெகிழ்ந்துபோனான். நெஞ்சில் கை வைத்து, தொண்டையைச் செருமி, கூட்டம் முழுவதையும் பார்த்துத் தடங்கலில்லாமல் பேசினான். "ஜாவ், ஜாவ். குப்புச்சா. பைட்டோ, மோராஹை. லட்டாக், லட்டாக்!"

நாகராஜின் கண்ணில் நீர் வழிந்தது. "பம்பாய்லகூட இம்புட்டு சுத்தமான இந்தி நான் கேட்டதில்லப்பா."

அப்போது பைக்கில் வந்து இறங்கினான் பாண்டிராஜ். சண்முகவேல் அவன் சட்டையைப் பிடித்தார். இனி எதற்குச் சட்டம்? தமிழிலேயே கேட்டார். "கூவலப்பட்டிக்காடா கூட்டிட்டுப் போற? எங்ககிட்ட என்னடா கொறை?"

"கூவலப்பட்டியா? என்னண்ணே சொல்றீக! அவன் சொந்த ஊருக்குப் போறான். ரயிலேத்தி விடத்தான் வந்தேன். அண்ணன் தம்பி குடும்பத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து இந்த ஊர்லயே தங்கிரணுமாம்."

கனகலட்சுமி குலவை போட்டார். மாரிச்சாமி முட்டியை மறந்து குதித்து, உடனே ஞாபகம் வந்து உட்கார்ந்தார். நாகராஜை நாலு பேர் தூக்கப் பார்த்து, முடியாமல் தட்டிக்கொடுத்தார்கள்.

சண்முகவேல் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாம் நம்ம நாகராசு சொல்லிக் குடுத்த இந்தி பண்ணுன வேலை. ஊரே அவுக பாஷையில பேசுனா யாருக்குத்தான் விட்டுப் போக மனசு வரும்?"

பாண்டிராஜ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். லக்கன் பக்கம் திரும்பி, யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் ஏதோ கேட்டான். லக்கன் அதே பாஷையில் படபடவென்று பதில் சொன்னான். அதில் ஜாவும் இல்லை, பைட்டோவும் இல்லை.

"என்னண்ணே, இந்திங்கிறீக?" என்றான் பாண்டிராஜ். "ஒடிசா மலைக்காட்டுக்காரன், அவனுக்கு இந்தியில ஒரு வார்த்தை தெரியாது. ஒங்க புண்ணியத்துல தமிழ் நல்லாப் பேச வந்துருச்சாம், ஊருக்குப் போயி சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் அந்தத் தமிழைச் சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டு வருவானாம்!"