காத்திருப்போர் பட்டியலில் ஒரு கணவன்

ஐம்பத்து நாலு வயதில் ஒருவன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடிவெடுத்தால், ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் பேசும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் லிஃப்ட் பரிசோதகர். முப்பது வருஷமாக மேலே போயிருக்கிறேன், கீழே வந்திருக்கிறேன். முன்னால் போனதே இல்லை. சாவதற்குள் கொஞ்சம் வேகமாக முன்னால் போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

தீர்மானத்தை மனைவியிடம் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். "பத்திலிருந்து பின்னால எண்ணுங்க" என்பாள். ஆறு வருவதற்குள் எப்பேர்ப்பட்ட ஆளும் சாய்ந்துவிடுவான். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் வாதம் எதுவும் ஆறைத் தாண்டியதில்லை. அதனால் முதலில் கார், பிறகு தகவல். வாசலில் வந்து நின்றுவிட்ட காரை யார் திருப்பி அனுப்புவார்கள்?

ஷோரூமில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் ஒரு வட்ட மேடை. அதன்மேல் சிவப்பாக, தாழ்வாக, தரையோடு ரகசியம் பேசிக்கொண்டு படுத்திருந்தது கார். இரண்டே சீட்டு. நீல டை கட்டிய ஒருவர் வந்து கைகுலுக்கினார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

"இந்தக் கார் வேணும்."

"எல்லாருக்கும் வேணும் சார்."

"எப்ப கிடைக்கும்?"

"கம்பெனி எங்களுக்கு வருஷத்துக்கு அஞ்சு வண்டிதான் தருது. ஏற்கெனவே ஆறு பேர் பதிவு பண்ணியிருக்காங்க. நீங்க ஏழு."

"மேடையில நிக்கறது?"

"அது காட்டறதுக்கு சார்."

"எதுக்குக் காட்டணும்?"

"அப்பதானே காத்திருப்பீங்க."

நேர்மையான மனிதர். விதிகளையும் விளக்கினார். என் முறை வரும்போது போன் வரும். இரண்டு நாளில் சரி என்று சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் தாண்டிவிடலாம். வரிசையில் என் இடம் அப்படியே இருக்கும், அந்தக் கார் மட்டும் அடுத்த நம்பருக்குப் போய்விடும்.

"வர்ற காரை எவனாவது வேண்டாம்பானா?"

"கலர் பிடிக்கலைன்னு சில பேர் விடுவாங்க சார். பொறுமைசாலிங்க."

நான் அந்த ரகமில்லை என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டேன். பிறகு மேடையேறி, காருக்குள் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். உட்கார்ந்தது சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். "பழகிடும் சார்" என்றார் டைக்காரர், என் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே.

ஆக, எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, உடம்பைக் காருக்குத் தயார் செய்வது. இரண்டு, மனைவியைச் செய்திக்குத் தயார் செய்வது. மறுநாளே ஆரம்பித்தேன்.

"காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?"

"நடக்க."

"யாரோட?"

"ரெண்டு காலோட."

"இத்தனை வருஷமா அதுங்க எங்க இருந்துச்சாம்?"

நடந்தேன். குனிந்து நிமிர்ந்தேன். மொட்டைமாடியில் யாரும் பார்க்காதபோது உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். வீட்டில் டீ போட ஆரம்பித்தேன். துணி மடித்தேன். குழாய் ஒழுகியபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்தேன்.

"என்னங்க வேணும் உங்களுக்கு?" என்றாள், டீயை வாங்கிக்கொண்டு.

"ஒண்ணும் வேணாமே."

"டீ போட்டுக் குடுத்தா ஏதோ கேட்கப்போறீங்கன்னு அர்த்தம்."

"கேட்கவே மாட்டேன்."

"சரி. அப்படியே கேட்காம இருங்க."

நடிப்பாகத்தான் ஆரம்பித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் டீயைக் கொண்டுபோய் எதிரே வைத்துவிட்டு, உடனே எழுந்து போனால் சந்தேகம் வருமே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால் அவள் பேசினாள். பேசியதால் கேட்டேன். மயங்குவதற்கு முன்னால் மனிதர்கள் கடைசியாக என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. ஒருவர் அடுப்பை அணைத்தேனா என்று கேட்டாராம். ஒரு அம்மாள் பூனைக்குச் சாப்பாடு வைக்கவில்லை என்றாராம். பெரிய அதிகாரி ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இங்கயே இருப்பீங்கல்ல?" என்றாராம். அவள் அங்கேயேதான் இருப்பாளாம், அவர்கள் கண் திறக்கும்வரை. இருபத்தாறு வருஷமாக நான் இதைக் கேட்டதே இல்லை. அவளுக்கு வேலை நேரம் அதிகம் என்று மட்டும் குறைபட்டிருக்கிறேன். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. டைக்காரரிடமிருந்து போன் மட்டும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, "என் கடிகாரத்துக்கு வார் மாத்தணுங்க" என்று ஒரு கடையின் பெயரைச் சொன்னாள். அந்தக் கடை ஷோரூமுக்கு அடுத்த கட்டடம். வாரை மாற்றக் கொடுத்துவிட்டு வந்ததும், கால் தானாக ஷோரூமுக்குள் திரும்பியது. டைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க சார். மேடம் அனுப்பறேன்னு சொன்னாங்க."

"எந்த மேடம்?"

"உங்க மேடம்தான் சார். இந்தத் தடவை நீங்கதான் நேர்ல வரணும். மூணு தடவைக்கு மேல தாண்டறதுன்னா, பதிவு பண்ணவரே வந்து கையெழுத்துப் போடணும்."

"நான் எங்கய்யா தாண்டினேன்?"

அவர் கோப்பைப் பிரித்துக் காட்டினார். கடந்த எட்டு மாதத்தில் என் முறை மூன்று தடவை வந்திருக்கிறது. மூன்று தடவையும் என் போன் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? லிஃப்ட் கூண்டின் மேல் நின்று இரும்பு வடத்தைத் தடவிப் பார்ப்பவனுக்கு சிக்னல் ஏது? அதற்காகத்தான் எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும், 'மாற்றுத் தொலைபேசி எண்' என்ற இடத்தில் என் கை யோசிக்காமல் ஒரு நம்பரை எழுதும். கேஸ் இணைப்பிலிருந்து பல் டாக்டர் வரை எழுதியிருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் வாங்கப்போகும் காரின் விண்ணப்பத்திலும் எழுதியிருந்தது. என் கையெழுத்தில், மிகத் தெளிவாக, மனைவியின் நம்பர்.

"மூணு தடவையும் மேடம்தான் சார் பேசினாங்க. 'அவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்'னாங்க. இப்ப நாலாவது வந்திருக்கு. திங்கட்கிழமை வரை டைம் இருக்கு. எடுக்கறதுன்னாலும் கையெழுத்து, தாண்டறதுன்னாலும் கையெழுத்து."

"எடுக்கறேன். அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவள் சமையலறையில் இரண்டு கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"நீங்க பதிவு பண்ண மறுநாள்லேர்ந்து. விலாசம் சரியான்னு கேட்டுப் போன் பண்ணினாங்க."

"ரெண்டு வருஷமா தெரியும். ஒரு வார்த்தை கேட்கல?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே."

"சரி, நான் சொல்லாதது தப்பு. அதுக்காக மூணு காரை விட்டுடுவியா? எனக்கு வயசு ஏறிட்டே போகுது. முட்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? அந்தக் கார் ஒண்ணுதான் எனக்குன்னு நான் ஆசைப்பட்டது. வேற எதையாவது கேட்டிருக்கேனா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உட்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. அதுக்கப்புறம் எடுக்கணும்னா எடுத்துக்குங்க. நான் தடுக்க மாட்டேன்."

உட்கார்ந்தேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க வீட்டுக்கு வருவீங்க, சாப்பிடுவீங்க, தூங்குவீங்க. அதைக் குறையா சொல்லல. நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த ரெண்டு வருஷமாத்தான் எதிர்ல உட்கார்ந்து 'அப்புறம்?'னு கேட்கறீங்க. ஆஸ்பத்திரியில உங்க நடையைப் பத்திக் கிண்டல் பண்றாங்க, உங்க டீயைப் பத்தியும். எனக்கு அது பிடிச்சிருக்கு. கார் வந்துட்டா டீ நின்னுடுமோன்னு பயம். முதல் தடவை போன் வந்தப்ப, இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமேன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் அதையேதான் நினைச்சேன். கார் வராததாலதான் நீங்க வந்தீங்க."

நான் முன்னால் போக ஆசைப்பட்டதெல்லாம் எதிலிருந்து தப்பித்துப் போக என்று அந்த நிமிஷம் யோசித்தேன். தப்பிக்கும்படி அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு மேஜை, இரண்டு கோப்பை, நான் பேச ஆரம்பித்தால் கேட்கக்கூடிய ஒரு பெண். அவளுக்கு ஒரு காரைவிட நான் போடும் டீ பெரிதாக இருக்கிறது என்றால், இந்த வயதில் ஒருவனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும்?

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே ஷோரூமுக்குப் போனேன். கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்துகொள்கிறேன் என்று அனுமதி கேட்டு மேடையேறினேன். கதவைச் சாத்தியதும் வெளியே பேசும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு யார் உதவியும் இல்லாமல் இறங்கிவந்து, தாண்டுகிறேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தியாகிகளின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

"நிச்சயமாவா சார்?"

"நிச்சயமா. வீடுதான் முக்கியம்."

"அப்ப அடுத்த நம்பருக்குப் போன் போட்டுடறேன்."

"போடுங்க. யாரோ அதிர்ஷ்டக்காரன்."

டைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியை எடுத்தார். நான் பெருந்தன்மையோடு வெளியே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சோபாவில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். "சிவப்பே இருக்கட்டும். திங்கட்கிழமை காலைல ஆபரேஷன் இருக்கு. மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"எதை எடுத்துக்கறே?"

"காரைத்தான்."

"எந்தக் காரை?"

"நீங்க இப்ப தாண்டினதை."

நான் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். விலாசம் கேட்டுப் போன் வந்த அன்றைக்கே அவளும் பதிவு செய்துவிட்டாளாம். நான் ஏழு. அதற்குள் மூன்று பேர் புகுந்துவிட்டதால் அவள் பதினொன்று. எனக்கு முன்னாலிருந்த ஆறு பேரும் எடுத்துக்கொண்டு போனதும் நான் முதல் நம்பரானேன். என் பெயரில் அவள் தாண்டிவிட்ட மூன்று காரும் நடுவிலிருந்த மூன்று பேருக்குப் போயின. இப்போது எனக்கு அடுத்த நம்பர் அவள்தான்.

"அப்ப காலைல சொன்னதெல்லாம்?"

"அத்தனையும் நிஜம். நிஜமா இல்லைன்னா உங்ககிட்ட எடுபடாதுங்க."

"நான் அங்கயே கையெழுத்துப் போட்டுக் காரை எடுத்திருந்தா?"

"எடுக்க மாட்டீங்க. கோபம் வந்தா நீங்க முதல்ல வீட்டுக்குத்தான் வருவீங்க."

அது உண்மை.

"உனக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்?" என்றேன். கேட்ட பிறகுதான், என்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று தோன்றியது. அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இருபத்தெட்டு வருஷமா பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கேன். நீங்க பிரேக் போடறப்பல்லாம் என் காலும் சேர்ந்து தரையை அழுத்துது. ஒரு தடவையாவது அங்க நிஜமான பிரேக் இருக்கணும்னு ஆசை." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நாள் முழுக்க மத்தவங்க முழிக்கறதுக்குக் காத்திருக்கறவ நான். நானும் கொஞ்சம் வேகமாப் போய்ப் பார்க்கறேனே."

அவள் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. ஒரே ஆசை, ஒரே வீட்டில், இரண்டு பேரிடம் தனித்தனியாக இருந்திருக்கிறது. நான் அதை அவளிடம் மறைத்தேன். அவளும் என்னிடம் மறைத்து, எனக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றிருக்கிறாள். ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. அதோடு, எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது.

"போகட்டும். வரிசையில இன்னும் நான்தானே முதல்? அடுத்த கார் எனக்குத்தானே?"

"ஒரு விலாசத்துக்கு ஒரு கார்தானாங்க. உங்க பேரை அடிச்சுடச் சொல்லிட்டேன்."