குடிக்காதவன் முகம்

"'நாளை காலை பத்து மணிக்கு என் அறைக்குத் தனியாக வரவும்.' இவ்வளவுதானா எழுதியிருக்கா?" என்று அக்கா அசும்ப்டா தலைமையாசிரியையின் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேற என்ன எழுதணும்? 'குடிகார டிரைவரே, பஸ் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ'ன்னா?" என்று எரிந்து விழுந்தான் மலாக்கி டூஹி.

பதினோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். சிறுவயதில் தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, அதற்கான சின்ன இதயச் சின்னத்தை இன்றுவரை கோட்டில் குத்தியிருப்பவன். ஆனால் மூக்கும் கன்னமும் மட்டும் காலையிலேயே நாலு பைன்ட் பீர் இறக்கியவனைப் போலச் சிவந்திருக்கும். டாக்டர் அந்தத் தோல்நோய்க்கு ரொசேசியா என்று பெயர் சொன்னார். ஊர் விஸ்கி என்று சொன்னது. போன மாதம் வந்த புதுத் தலைமையாசிரியை கார்ம்லியோ, அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூக்கையே உற்றுப் பார்த்தாள்.

டாக்டருக்குப் போன் போட்டான்.

"களிம்பு வேலை செய்ய ஆறு வாரமாவது ஆகும், மலாக்கி. அதுவரைக்கும் சூடு, காரம், குளிர்காத்து, கவலை எதுவும் ஆகாது."

"நாளைக்கு வேலை போகப்போகுது, கவலப்படாம எப்படி டாக்டர் இருக்கறது?" என்று கத்தினான். கத்தியதில் இன்னும் சிவந்தது.

"சூடுதானே ஆகாது? தோட்டத்துல போய் நில்லுடா, தணியட்டும்" என்றாள் அக்கா. மேயோ மாவட்டத்தின் குளிர்ந்த கடல்காற்றில் அரைமணி நேரம் நின்றான். திரும்பி வந்தபோது காதும் சிவந்திருந்தது.

அக்கா தன் முகம் துடைக்கும் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தாள். மலாக்கி அலறினான்.

"எரியுதுக்கா! என்ன எழவு இது?"

"தோலை இறுக்கும்டா. கொஞ்சம் ஸ்பிரிட் கலந்திருக்கு."

"இத்தன நாள் நிறம் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப வாசனையும் சேத்து விட்டுட்டியே!"

வாசனை போக வெந்நீரில் கழுவினான். முகம் கொதித்தது. கடைசியில் மருந்துக்கடைக்காரி ஒரு பச்சைப் பசையைக் கொடுத்தாள். "சிவப்ப பச்சை அமுக்கிடும். துளி போட்டாப் போதும்." மலாக்கி துளியோடு நிறுத்துகிற மனநிலையில் இல்லை. காலையில் பாதி டப்பாவை அப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.

"மலாக்கி, பச்சை பூசிக்கிட்டுப் போற திருவிழா ஊர்வலம் மார்ச் மாசந்தானே?" என்று கேட்டாள் முதல் வரிசைக் குட்டிப் பெண். பஸ் முழுக்கச் சிரித்தது.

பத்து மணிக்குத் தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தான். எப்போதும் வெள்ளை வெளேரென்று இருக்கும் கார்ம்லியின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை செக்கச்செவேலென்று இருந்தது. இவ்வளவு கோபத்தை அவன் எதிர்பார்க்கவில்லை.

"உக்காருங்க. உங்க முகத்தப் பத்தித்தான் தனியாப் பேசணும்னு..."

"தெரியும் மேடம்! மூஞ்சியப் பாத்தே மனுஷன எடை போட்டுட்டீங்க! என் நாக்குல ஒரு சொட்டு பட்டதில்ல. எதையும் விசாரிக்காம இப்படிக் கோபப்பட்டா எப்படி? இந்தாங்க சாவி!"

சாவியை மேசையில் வீசிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினான். பதினோரு வருட வேலை போனதை நினைத்து முற்றத்தின் நடுவில் கண் கலங்கியது. பின்னால் பள்ளிக் குமாஸ்தா டிம்ப்னா சாவியோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நில்லுய்யா மலாக்கி! என்ன காரியம் பண்ணிட்டு வந்தே?"

"நீயே பாத்தேல்ல? கோபத்துல அவங்க மூஞ்சி எப்படிச் சிவந்து கெடந்துச்சு!"

"கோபமா? அது அவங்க சொந்த மூஞ்சிய்யா! இருபது வருஷமா பவுடருக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தத, 'அந்த டிரைவர் மாதிரி நானும் இனிமே வெறும் மூஞ்சியோட இருக்கப்போறேன், அவர் என்ன தடவறார்னு கேக்கணும்'னு இன்னிக்குத்தான் மொதல் தடவையா கழுவிட்டு வந்தாங்க!"