பாதி வாத்தியாரும் இரும்புக் கிண்ணமும்

அந்த அறிவியல் ஆசிரியர் எந்த வாக்கியத்தையும் தாமே முடிப்பதில்லை. முக்கால் தூரம் வந்து நின்றுவிடுவார். மீதியை எதிரில் இருப்பவர்தாம் முடித்துக் கொடுக்க வேண்டும். "தாவரங்களுக்குச் சூரிய ஒளி தே—" என்று அவர் நிறுத்தினால், "வை!" என்று ஏழாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கூரை அதிர முடித்து வைக்கும். "ஒளி நேர்கோட்டில் செல்—" என்றால் "லும்!" அந்த முழக்கம் நடைகூடத்தைத் தாண்டித் தலைமையாசிரியையின் அறைவரை கேட்கும். அவரும் தலை நிமிராமலேயே, பாடம் செவ்வனே நடக்கிறது என்று மகிழ்ந்துகொள்வார்.

கரும்பலகையடியில் பிறந்த அப்பழக்கம், நாளடைவில் அவர் பின்னாலேயே வீடுவரை நடந்து வந்துவிட்டது.

"என் குடையை எங்க வை—"

"ச்சீங்களோ, அங்கயேதான் இருக்கும்" என்பார் மனைவி.

ஆசிரியர் ஓய்வறையில் அவருக்குப் 'பாதி வாத்தியார்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், வருத்தமில்லை. "பாதி சொன்னாலே முழுசும் புரிய வைக்கிறவன்னு அர்த்—" என்று விளக்கம் தருவார். "தம்!" என்று விசில் ஊதுவதுபோல் முடித்து வைப்பார் உடற்கல்வி ஆசிரியர்.

இப்படிப்பட்டவரிடம்தான் மாதிரிப் பாடம் எடுத்துப் பழக ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். கன்னத்தோரம் நரை எட்டிப் பார்க்கும் வயது. துணிக்கடையில் நெடுங்காலம் விற்பனையில் இருந்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தவர். வந்த அன்றே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"போன வருஷம் வேற ஸ்கூல்ல பாடம் எடுத்தேன் சார். காலேஜ்ல இருந்து பார்க்க வந்த அன்னைக்குக் கை கால் உதறி, ஃபெயில் பண்ணிட்டாங்க. இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போச்சுன்னா பழையபடி கடைக்குத்தான். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார். நாத்தனார்தான், 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்றதுக்கு ரெடியா உட்கார்ந்திருக்காங்க."

"கவலையே படாதீங்க டீச்சர். என் கிளாஸ் பசங்க தங்கம். நீங்க பாதி சொன்னாப் போ—"

பயிற்சி டீச்சர் மீதிக்காகக் காத்திருந்தார். ஆசிரியரும் காத்திருந்தார். இருவருக்கும் இடையே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தும்" என்று கடைசியில் ஆசிரியரே முடிக்க வேண்டியதாயிற்று. ஏதோ சரியில்லை என்று அப்போதே அவருக்குப் பட்டது.

மறுநாள் ஆசிரியர் கடைசி பெஞ்சில் கால்களை மடக்கி அமர்ந்துகொண்டார். பயிற்சி டீச்சர் ஈரக் கைக்குட்டை ஒன்றைச் சன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டு, வகுப்பைப் பார்த்து முழுதாக ஒரு கேள்வி கேட்டார்.

"வெயில்ல துணி சீக்கிரம் காயுது. நிழல்ல மெதுவா காயுது. ஏன்?"

வகுப்பு கல்லாய்ச் சமைந்தது. முன் வரிசையில் இருந்த வகுப்புத் தலைவி, இரட்டைச் சடைக்காரி, வாயைத் திறந்தாள், கடைசி பெஞ்சை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். கைக்குட்டை காய்ந்துவிட்டது. பதில்தான் வரவில்லை.

ஆசிரியருக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பரிதாபத்தின் அடியில் ஒரு துளி திருப்தியும் கிடந்தது. அதை மட்டும் அவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க முழுசாக் கேக்கறீங்க. அதான் சிக்கல்" என்றார் இடைவேளையில். "பசங்களுக்குப் பிடிச்சுக்க ஒரு நுனி வேணும். பாதியில நிறுத்—"

"தணுமா சார்?"

"பார்த்தீங்களா, உங்களுக்கே வந்துடுச்சு!"

பயிற்சி டீச்சர் அரை மனத்துடன் முயன்று பார்த்தார். ஆனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பது ஒரு தனிக் கலை. அது கண்டவர்க்கு வாய்ப்பதில்லை.

"தண்ணியைக் கொதிக்க வெச்சா, அது ஆ—"

"றும்!" என்றது வகுப்பு.

"ஆறாதுப்பா, ஆவியாகும். சரி, பனிக்கட்டியை வெயில்ல வெச்சா உரு—"

"ளும்!"

கடைசி பெஞ்சில் ஆசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இனி நாமே கை கொடுத்தால்தான் இந்த அம்மாள் கரையேறுவார் என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து பின்னால் அமர்ந்தபடியே, புருவத்தை உயர்த்தியும் உதட்டைக் குவித்தும் விடைகளை அடியெடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். பலன் உடனே தெரிந்தது. கேள்வி முன்னாலிருந்து வரும்; வகுப்பு மொத்தமும் பின்னால் திரும்பும்; ஆசிரியர் உதடு அசையும்; விடை முழங்கும். பயிற்சி டீச்சர் அந்த வாரம் முழுவதும் பின்னந்தலைகளுக்குப் பாடம் நடத்தினார்.

"சார்..." என்று ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். "ஒரு பீரியட் மட்டும் நான் தனியா எடுத்துப் பார்க்கட்டுமா? தப்பா நினைக்காதீங்க."

"உங்களைத் தனியா விட எனக்கு மனசு வருமா? நீங்க தடுமாறுறப்ப நான் பக்கத்துல இருக்க வேண்—"

பயிற்சி டீச்சர் முடித்துக் கொடுக்கவில்லை.

இருந்தும் அப்படி ஒரு நேரம் தானாக வாய்த்தது. தலைமையாசிரியை ஏதோ கேட்க அழைத்தனுப்ப, ஆசிரியர் பாடத்தின் நடுவே எழுந்து போனார். திரும்பி வருகையில் நடைகூடத்தின் முனையிலேயே இரைச்சல் காதில் விழுந்தது. ஒரே குரலில் எழும் பழகிய முழக்கமன்று. ஆளாளுக்கு ஒன்று பேசும் சந்தைக் கூச்சல். பதறியடித்து ஓடிவந்து கதவைத் திறந்தார். குழாயை மூடியதுபோல் சத்தம் நின்றது. எல்லோரும் அவரவர் இடத்தில் கைகட்டி அமர்ந்திருந்தார்கள்.

"பார்த்தீங்களா? நான் இந்தப் பக்கம் போனா, கட்டுப்பாடு அந்தப் பக்கம் போகுது" என்றார், பயிற்சி டீச்சருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பயிற்சி டீச்சர் எதையோ சொல்ல வந்து, கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டார்.

ஒருவன் தன் கன்றுக்குட்டிக்கு நடை பழக்குகிறேன் என்று ஊராரிடம் சொல்லிவிட்டு, நாள்தோறும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினானாம். ஆண்டு முடிவில் அவன் கால்கள் இரும்பாயின. கன்று கொழுத்தது. "பாருங்கள், நான் விட்டால் இது ஓரடி எடுத்து வைக்குமா?" என்று அவன் ஊராரைக் கேட்டானாம். நம் ஆசிரியர் நல்ல மனிதர். கன்றுக்காரனும் நல்லவன்தான்.

கல்லூரியிலிருந்து பேராசிரியை பார்வையிட வரும் நாள் நெருங்கியது. பாடம், மிதத்தலும் மூழ்குதலும். "ஒரு சின்னச் சோதனை வெச்சிருக்கேன் சார், நீங்களே பாருங்க" என்று மட்டும் பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் கடைக்குத் திரும்பிப் போவதை எண்ணியபோது ஆசிரியருக்கு மனசு கேட்கவில்லை. அதற்கு முந்தின நாள் மாலை, பள்ளி விட்ட பிறகு, வகுப்பை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு டீச்சர் மானம் உங்க கையில. இரும்பு தண்ணியில மூழ்—"

"கும்!"

"கட்டை மிதக்—"

"கும்!"

தொண்டை கட்டும்வரை நடந்தது ஒத்திகை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "நாளைக்கு அந்த அம்மா பாஸ் ஆகறது நிச்—" என்றார்.

"உங்களைக் கேக்காம இருந்தா நிச்சயம்" என்றார் மனைவி, காய்ந்த துணியை மடித்தபடியே. அதன் பொருள் ஆசிரியருக்கு அன்று விளங்கவில்லை.

மறுநாள் பேராசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி பெஞ்சில், ஆசிரியருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். மேசைமேல் கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். பயிற்சி டீச்சரின் கை இம்முறை நடுங்கவில்லை.

"இது இரும்பு ஆணி. தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"மூழ்கும்!"

ஆணி மூழ்கியது. ஆசிரியர் பேராசிரியையைப் பெருமையுடன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மரக்கட்டை?"

"மிதக்கும்!"

பயிற்சி டீச்சர் பைக்குள்ளிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். "இதுவும் அதே இரும்புதான். ஆணியை விடக் கனம் ஜாஸ்தி. இது?"

"மூழ்கும்!"

அந்த விடைக்காகவே காத்திருந்தவர்போல் அவர் சிரித்தார். கிண்ணத்தை மெல்லத் தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தார். கிண்ணம் ஒரு தள்ளாட்டம் ஆடி, நிமிர்ந்து, படகுபோல் மிதந்தது.

"இப்ப என்ன ஆச்சு? கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க."

தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. ஆசிரியருக்கு வியர்த்தது. மிதக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் நேற்று மாலை முழுவதும் ஓடிய நாக்கு அவரை முந்திக்கொண்டது. உதடு 'மூழ்' என்று குவிந்தது.

"கும்!" என்று வகுப்பு கூரை அதிர முழங்கியது.

கிண்ணம் நிதானமாக மிதந்துபோய்த் தொட்டியின் விளிம்பில் முட்டித் திரும்பியது.

பேராசிரியை எழுந்து மேசையருகே சென்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "எங்கேம்மா மூழ்கியிருக்கு?" என்றார். மணி அடித்தது. "மதியம் வரைக்கும் மத்த வகுப்புகளைப் பார்த்துட்டு, அப்புறம் முடிவு சொல்றேன்" என்று வெளியே போய்விட்டார். அவர் குரலில் முடிவு முன்பே தெரிந்தது.

குழாயடியில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த பயிற்சி டீச்சரிடம் ஆசிரியர் போய் நின்றார்.

"பரவால்ல சார்" என்றார் அவர், நிமிராமல். "கடையில என்னைச் சேர்த்துப்பாங்க. முதலாளி நல்ல மாதிரி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று நடந்து, படியேறிக்கொண்டிருந்த பேராசிரியையின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், அது அந்த அம்மா தப்பு இல்ல. நேத்து சாயங்காலம் பசங்களை உட்கார வெச்சு நான்தான் பதிலை மனப்பாடம் பண்ண வெச்சேன். இன்னைக்கு அடியெடுத்துக் கொடுத்ததும் நான்தான். இத்தனை நாளும் அவங்களைப் பாடம் எடுக்கவே நான் விடல."

பேராசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வழிகாட்டி ஆசிரியர் நீங்க. இதை நான் உங்க பேர்ல எழுத வேண்டி வருமே?"

"எழுதுங்க மேடம். ஆனா இன்னொரு தடவை அவங்க பாடத்தைப் பாருங்க. இதே பசங்களுக்கு அடுத்த பீரியடும் என்னோடதுதான். அதை அவங்களுக்குக் கொடுத்துடறேன். நான் உள்ளே வர மாட்டேன்."

அடுத்த பாடவேளை முழுவதும் ஆசிரியர் மூடிய கதவுக்கு வெளியே நின்றார். முதலில் அமைதி. பிறகு ஒரு குரல். பிறகு அந்தக் குரலை மறுத்து இன்னொன்று.

"உள்ள காத்து இருக்கு டீச்சர், அதான்!"

"போடா, ஆணியைச் சுத்தியும்தான் காத்து இருந்துது! இது அகலமா இருக்கறதால தண்ணியை நிறையத் தள்ளுது!"

"அப்ப கிண்ணத்தை நசுக்கிப் போட்டா?"

"நசுக்கிப் பார்ப்போமா டீச்சர்?"

சந்தைக் கூச்சல் எழுந்தது. அதட்டுவதற்காக ஆசிரியரின் கை தானாகக் கதவுப் பிடிமீது போனது. மறு கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

பேராசிரியை வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "இந்தப் பசங்களை இத்தனை நேரம் எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். "உங்க டீச்சர் பாஸ். உங்களைப் பத்தி மட்டும் எழுதத்தான் போறேன்."

"அவசியம் எழுதுங்க மேடம்" என்றார் ஆசிரியர் மனமார.

உள்ளே போனார். வழக்கம்போல் சத்தக் குழாய் மூடிக்கொண்டது. மேசையருகே நின்ற பயிற்சி டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினார். "என்னை மன்னிச்சுக்கோங்க டீச்சர். உங்க வகுப்பை உங்ககிட்டயே கொடுக்காம நானே வெச்சுக்கிட்டேன். இனிமே பயிற்சி முடியற வரைக்கும் இது உங்க வகுப்பு. நீங்க கூப்பிட்டாத்தான் வருவேன்." அவர் பதறிப்போய், "ஐயோ சார், விடுங்க" என்றார்.

பிறகு ஆசிரியர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். கண்ணுக்கு எதிர்ல மிதக்கிற கிண்ணத்தைப் பார்த்து மூழ்கிடுச்சுன்னு கத்தற அளவுக்கு உங்களை நான் முட்டாளாக்கி வெச்சிருக்கேன்."

இரட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். எல்லோரும் சொல் என்பதுபோல் தலையசைத்தார்கள்.

"நாங்க முட்டாள் இல்ல சார். டீச்சர் கேட்ட எல்லாத்துக்கும் மொத நாள்ல இருந்தே எங்களுக்குப் பதில் தெரியும். ஆனா நீங்க பின்னாடி உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கறப்ப, வேற ஒருத்தர்கிட்ட பதில் சொல்லி, எங்க சாரை எப்படி சார் விட்டுக்கொடுக்கறது?"